யாரும் சொல்லித்தராம ப்ரோக்ராமிங் கத்துக்கறது எப்படி: காலி ஃபைல்ல இருந்து ஆரம்பிப்போம்

ப்ரோக்ராமிங் கத்துக்கணும், முறையா படிக்கல, பக்கத்துல சொல்லித்தர ஆளும் இல்ல, எங்க ஆரம்பிக்கறதுன்னு கேக்கறவங்ககிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்கற கேள்வி, இதுவரைக்கும் என்ன பண்ணிப் பாத்தீங்கன்னுதான். அனேகமா ஒரே பதில்தான் வரும். வீடியோ பாத்தேன், பாக்கும்போது எல்லாமே புரிஞ்சுது, ஆனா தனியா ஒரு காலி ஃபைல திறந்து வச்சுகிட்டு உக்காந்தா ஒரு வரி கூட வரமாட்டேங்குது, எனக்கு மூளை பத்தாது போலிருக்குன்னு சொல்லுவாங்க. மூளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. அடுத்தவங்க எழுதினத படிச்சுப் புரிஞ்சுக்கறது ஒரு வேலை, ஒண்ணுமே இல்லாத இடத்துல நாமளா எழுதறது வேற வேலை, ரெண்டாவத பழகாம முதலாவத மட்டும் நூறு மணி நேரம் பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான்.

அதனால இந்த கட்டுரை முழுக்க அந்த காலி ஃபைலப் பத்திதான். அதுல முதல் வரி எப்படி வரும், வந்தப்புறம் எரர் வந்தா என்ன பண்றது, அங்கேருந்து எப்படி மேல போறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

எந்த லாங்குவேஜ் எடுக்கறது

இந்த ஒரு கேள்வியிலேயே மாசக்கணக்கா நின்னவங்கள எனக்குத் தெரியும். நேரா சொல்லிடறேன், பைத்தான் எடுத்துக்கோங்க. கைடோ வான் ராஸம்ங்கறவர் உருவாக்கி 1991ல வெளியிட்ட லாங்குவேஜ், வரி முடிவுல செமிகோலன் போட வேண்டாம், மெமரிய நாமளே கட்டி மேய்க்க வேண்டாம், எழுதினத படிச்சா ஓரளவு என்ன நடக்குதுன்னு புரியும். வெப் பேஜ்ல பட்டன அழுத்தினா ஏதாவது நடக்கணும், எனக்கு அதுதான் ஆசைன்னு இருந்தா மட்டும் ஜாவாஸ்கிரிப்ட் எடுங்க, அதுக்கு ப்ரௌசர் இருந்தாலே போதும். சி நல்ல லாங்குவேஜ்தான், 1970கள் ஆரம்பத்துல டென்னிஸ் ரிச்சி பெல் லேப்ஸ்ல உருவாக்கினது, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட அடிமட்டத்துல இன்னிக்கும் அதுதான் ஓடுது, ஆனா கேக்க ஆள் இல்லாம தனியா கத்துக்கறவங்களுக்கு முதல் மாசத்துலயே பாயின்டர்ல (மெமரியில ஒரு இடத்த சுட்டிக்காட்டற விஷயம்) மாட்டி நிக்கறது தேவையில்லாத சோதனை, ரெண்டாவதா எடுத்துக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பைத்தான் 2ன்னு ஒரு பழைய வெர்ஷன் இருந்துச்சு, அதுக்கான சப்போர்ட் 2020 ஜனவரி 1ஓட முடிஞ்சுபோச்சு. ஆனா அதுக்கு எழுதின பாடங்கள் நெட்ல இன்னும் கிடக்கு. அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபம், பிரிண்ட்ங்கற (print) வார்த்தைக்கு அப்புறம் அடைப்புக்குறி போடாம நேரா மேற்கோள்குறி போட்டிருந்தா அது பழசு, மூடி வச்சுட்டு வேற பாருங்க. இல்லன்னா பாடத்துல இருக்கறத அப்படியே அடிச்சும் எரர் வரும், தப்பு நம்ம மேலதான்னு நினைச்சுகிட்டு உக்காந்திருப்போம்.

இங்கிலீஷ் நல்லா தெரியணுமான்னும் கேக்கறாங்க. பைத்தானோட கீவேர்ட் (அது தனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கற வார்த்தை) மொத்தமே 35தான், அதையும் பிரிண்ட் மாதிரி பைத்தானோடயே வர்ற பேர்களையும் இங்கிலீஷ் எழுத்துலதான் டைப் பண்ணனும் (இங்க நான் தமிழ்ல எழுதறது உச்சரிப்பு மட்டும்). மத்தபடி நாம வைக்கற பேர், குறிப்பு, ஸ்க்ரீன்ல காட்டற வாசகம் எல்லாத்தையும் தமிழ்லயே எழுதலாம், பைத்தான் 3 தமிழ் பேர ஏத்துக்கும். எரர் மெசேஜ படிக்கற அளவுக்கு இங்கிலீஷ் பழகப் பழக தானா வரும், ஏன்னா திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினஞ்சு மெசேஜ்தான் வரும்.

இன்ஸ்டால் பண்றது

பைத்தானோட சொந்த சைட்ல இருந்து இறக்குங்க. விண்டோஸ்னா இன்ஸ்டால் ஆகற முதல் ஸ்க்ரீன்ல, பாத்-ல (PATH, ப்ரோக்ராம எங்க தேடணும்ங்கற பட்டியல்) சேக்கவான்னு ஒரு சின்ன டிக் பாக்ஸ் கீழ இருந்தா அத மறக்காம டிக் பண்ணுங்க, விட்டுட்டீங்கன்னா அப்புறம் கமாண்ட் விண்டோல பைத்தான்னு அடிச்சா அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லும். மேக், லினக்ஸ்ல பேருக்குப் பின்னாடி 3ஐயும் சேத்து அடிச்சுப் பாருங்க.

கோட் எழுதற எடிட்டர் எதுன்னு ரொம்ப யோசிக்க வேண்டாம். பைத்தானோடயே ஐடில்னு ஒண்ணு வரும், முதல் ரெண்டு வாரத்துக்கு அது தாராளம். அப்புறம் விஎஸ் கோட் போட்டுக்கலாம், இலவசம்தான். தீம் மாத்தறது, எக்ஸ்டென்ஷன் அடுக்கறது எல்லாம் வேலை செய்யற மாதிரி ஒரு திருப்தி தரும், ஆனா கோட் ஒரு வரி கூட எழுதியிருக்க மாட்டோம். நோட்பேட்ல எழுதறவங்க ஒண்ணு கவனிங்க, சேவ் பண்ணும்போது ஃபைல் பேருக்குப் பின்னாடி சத்தமில்லாம .txtன்னு ஒரு வால ஒட்டி வச்சுடும், விண்டோஸ் அத மறைச்சும் வச்சிருக்கும். ஃபைல் இருக்கு ஆனா ஓடலன்னா முதல்ல அத பாருங்க.

இன்னொண்ணு, வேர்ட் மாதிரி ப்ரோக்ராம்ல இருந்தோ சாட்ல இருந்தோ கோட காப்பி பண்ணி ஒட்டாதீங்க. அதுங்க நேரான மேற்கோள்குறிய வளைஞ்ச மேற்கோள்குறியா மாத்திடும், நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, பைத்தானுக்கு அது வேற எழுத்து.

முதல் ரெண்டு மூணு நாள்: வெறுமனே விளையாடுங்க

பைத்தான திறந்தா மூணு அம்புக்குறியோட ஒரு இடம் வரும், ஷெல்னு சொல்லுவாங்க. அங்க ஒரு வரி அடிச்சு என்டர் தட்டினா உடனே பதில். இங்க ஒரே ஒரு விதி, என்டர் தட்டறதுக்கு முன்னாடி என்ன பதில் வரும்னு மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் தட்டணும். நாம நினைச்சது வரலன்னா அங்கதான் ஏதோ ஒண்ணு கத்துக்கறதுக்கு இருக்கு.

7 / 2 அடிங்க, 3.5 வரும். 7 // 2 அடிங்க, 3 மட்டும் வரும், மிச்சத்த தள்ளிடும். 7 % 2 அடிச்சா 1, அதாவது வகுத்தது போக மீதி. இந்த மீதி சாதாரணமா தெரியும், ஆனா ஒரு எண் ஒத்தையா ரெட்டையான்னு பாக்கறதுல இருந்து நிமிஷத்த மணியா மாத்தற வரைக்கும் எங்க பாத்தாலும் இது வரும். 2 ** 100 அடிங்க, அதாவது ரெண்டை நூறு தடவை பெருக்கினது, 31 இலக்கத்துல ஒரு எண் வந்து நிக்கும்.

அப்புறம் 0.1 + 0.2 அடிங்க. 0.3ன்னு சொல்லியிருப்பீங்க. வர்றது 0.30000000000000004. பைத்தான் கெட்டுப்போகல, கம்ப்யூட்டர் பின்னங்கள ரெண்டின் அடிப்படையில வச்சுக்குது, நாம 1ஐ 3ஆல வகுத்தா 0.3333ன்னு முடியாம போகுதே, அதே மாதிரி அதுக்கு 0.1ங்கறது முடியாத எண், எங்கேயோ ஒரு இடத்துல வெட்டித்தான் வச்சுக்க முடியும். காசுக் கணக்கு ப்ரோக்ராம் எழுதும்போது இத ஞாபகம் வச்சுக்கோங்க.

தமிழ்ல எழுதறவங்க கண்டிப்பா பண்ணிப் பாக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. லென்னு (len) ஒரு ஃபங்ஷன், அதாவது பேர் சொல்லி கூப்பிட்டா ஒரு வேலைய செஞ்சு தர்றது, இது ஒரு டெக்ஸ்ட்டோட நீளத்த சொல்லும். அதுக்குள்ள "தமிழ்"னு குடுங்க. த, மி, ழ், மூணு எழுத்துன்னு சொல்லுவோம். பதில் 5 வரும்! ஏன்னா யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற முறை) த ஒண்ணு, ம ஒண்ணு, அதுக்கு மேல ஏறுற இகரக் குறி ஒண்ணு, ழ ஒண்ணு, புள்ளி ஒண்ணு. அதே வார்த்தைய தலைகீழா திருப்பினா புள்ளி தனியா முன்னாடி வந்து நிக்கும், மகரத்தோட இகரக் குறி ழகரத்து மேல ஏறி ழின்னு ஆகிடும். இத பாத்த அன்னிக்குத்தான் எனக்கு கம்ப்யூட்டர் எழுத்த எழுத்தா பாக்கல, வரிசையா நிக்கற எண்களாத்தான் பாக்குதுன்னு உறைச்சுது. எத்தனையோ பாடம் படிச்சும் புரியாதது அந்த ஒரு அஞ்சுல புரிஞ்சுது.

கத்துக்க வேண்டியது என்னென்ன

பட்டியல் சின்னதுதான். வேரியபிள் (ஒரு மதிப்புக்கு வைக்கற பேர்), இஃப் (இப்படின்னா இத செய்), லூப் (திரும்பத் திரும்ப செய்யறது), லிஸ்ட் (வரிசையான பட்டியல்), டிக்‌ஷனரி (ஒவ்வொரு பேருக்கு எதிர்லயும் ஒரு மதிப்பு வச்சுக்கறது), ஃபங்ஷன், ஃபைல்ல எழுதறது படிக்கறது. இவ்வளவுதான் அஸ்திவாரம், தினம் ஒரு மணி நேரம் உக்காந்தா ரெண்டு மூணு மாசத்துல இதெல்லாம் கைக்கு வரும்ங்கறது என்னோட கணிப்பு. கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் அப்புறம், இப்ப யாராவது அவசரப்படுத்தினா காதுல வாங்கிக்காதீங்க.

இதுல ஒண்ண மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன், ஏன்னா பள்ளிக்கூட கணக்கு இங்க குறுக்க வரும்.

வயசு = 20
வயசு = வயசு + 1

கணக்குல ரெண்டாவது வரி அபத்தம், எந்த எண்ணும் தன்னைவிட ஒண்ணு அதிகமா இருக்க முடியாது. ஆனா ப்ரோக்ராமிங்ல சமக்குறின்னா சமம்னு அர்த்தமே இல்ல. வலது பக்கம் இருக்கறத முதல்ல கணக்குப் போடு, வர்ற விடைக்கு இடது பக்கம் இருக்கற பேர வையின்னு ஒரு கட்டளை. அதனால இப்ப வயசு 21. ரெண்டும் சமமான்னு கேக்கறதுக்கு ரெண்டு சமக்குறி போடணும், வயசு == 21ன்னு. இந்த ரெண்டும் கலங்கிப் போறது எல்லாருக்கும் நடக்கறது, ரெண்டு வாரத்துல சரியாகிடும்.

காலி ஃபைல்ல முதல் வரி

இதுதான் முக்கியமான இடம். ப்ரோக்ராம் எழுத வரலன்னு சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு பைத்தான் தெரியாதது பிரச்சினை இல்ல, என்ன பண்ணனும்ங்கறதே மனசுல படிப்படியா பிரியல, அதுக்குள்ள கோட் எழுதப் பாக்கறாங்க. ரெண்டு வேலைய ஒரே நேரத்துல பண்ணினா ரெண்டும் நிக்கும். பிரிச்சு பண்ணுங்க. முதல்ல தமிழ்ல எழுதுங்க, காகிதத்துல இல்ல, அந்த ஃபைலுக்குள்ளயே. வரி ஆரம்பத்துல # போட்டா பைத்தான் அந்த வரிய தொடாது, குறிப்புன்னு விட்டுடும். நம்மகிட்ட ஒரு சின்ன வேலை இருக்குன்னு வச்சுக்கோங்க, செலவு ஒவ்வொண்ணா அடிச்சுகிட்டே போகணும், 0 அடிச்சா நிறுத்தி மொத்தம் எவ்வளவுன்னு சொல்லணும். ஃபைல திறந்து இத அடிங்க:

# மொத்தம் 0ல ஆரம்பிக்கணும்
# திரும்பத் திரும்ப ஒரு செலவு கேக்கணும்
# 0 போட்டா நிறுத்தணும்
# இல்லன்னா மொத்தத்தோட கூட்டணும்
# கடைசியில மொத்தத்தை காட்டணும்

ஃபைல் இப்ப காலியா இல்ல பாருங்க. இனிமே ஒவ்வொரு வரிக்கு கீழயும் அதோட கோட எழுதறது மட்டும்தான் வேலை. முதல் வரிக்கு கீழ மொத்தம் = 0. ரெண்டாவதுக்கு ஒரு வைல் (while) லூப், அதுக்குள்ள செலவு = இன்புட்() (input, நாம அடிக்கறத வாங்கிக்கற ஃபங்ஷன்). மூணாவதுக்கு ஒரு இஃப் (if), அதுக்குள்ள லூப்ப நிறுத்தற பிரேக் (break). நாலாவதுக்கு மொத்தம் = மொத்தம் + செலவு. அஞ்சாவதுக்கு ஸ்க்ரீன்ல காட்டற பிரிண்ட். எதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியலன்னா அந்த ஒரு வரிய மட்டும் தேடினா போதும், பைத்தான்ல லூப்ப பாதியில நிறுத்தறது எப்படின்னு. முழு ப்ரோக்ராமையும் தேடாதீங்க.

ஒரே நேரத்துல எல்லாத்தையும் எழுதிட்டு ஓட்டாதீங்க, ரெண்டு வரி எழுதினா ஒரு தடவை ஓட்டுங்க. அப்பத்தான் எந்த வரியில கெட்டுதுன்னு தெரியும்.

இத ஓட்டினா கூட்டற வரியில முதல் செலவு அடிச்சதுமே டைப்எரர்னு நிக்கும். இன்புட் எப்பவுமே டெக்ஸ்ட்டாத்தான் குடுக்கும், நீங்க 250ன்னு அடிச்சாலும் அதுக்கு அது ரெண்டு, அஞ்சு, சைபர்னு மூணு எழுத்து. எண்ணோட டெக்ஸ்ட்ட கூட்ட முடியாதுன்னு பைத்தான் கையவிரிச்சுடும். இதாவது பரவால்ல, சத்தம் போட்டு சொல்லுது. ரெண்டையும் இன்புட்ல வாங்கி நேரா கூட்டியிருந்தீங்கன்னா 250ம் 100ம் சேந்து 250100ன்னு எரரே இல்லாம பதில் வரும், ஏன்னா டெக்ஸ்ட்டுக்கு கூட்டல்ங்கறது ஒட்டறது. தீர்வு, இன்புட்ட இன்ட்ங்கற (int) ஃபங்ஷனுக்குள்ள போட்டு எண்ணா மாத்திக்கணும்.

சரி, மாத்தியாச்சு. எரர் இல்ல. 250, 100, 50, அப்புறம் 0 அடிக்கறீங்க. மொத்தம் 400 வரணும். 0ன்னு வருது. எங்க தப்பு? இது நான் பாத்த ஒரு ஃபைல்ல அப்படியே நடந்தது. மொத்தம் = 0ங்கற வரிய லூப்புக்கு வெளிய வைக்காம உள்ள வச்சிருந்தாங்க. நாலு ஸ்பேஸ் தள்ளி இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். பைத்தான்ல வரி எவ்வளவு உள்ள தள்ளியிருக்குங்கறதுதான் அது எதுக்குள்ள இருக்குன்னு தீர்மானிக்குது. உள்ள இருந்ததால ஒவ்வொரு சுத்துலயும் மொத்தம் திரும்ப 0 ஆகி, கடைசி சுத்துல 0 ஆகி, பிரேக் ஆகி, அந்த 0ஐயே காட்டிடுச்சு.

இந்த மாதிரி தப்ப எரர் மெசேஜ் காட்டித்தராது. இதுக்கு மருந்து ஒரு காகிதம். மூணு கட்டம் போடுங்க, வரி, செலவு, மொத்தம். நீங்களே கம்ப்யூட்டர்னு நினைச்சுகிட்டு ஒவ்வொரு வரியா போங்க, எது மாறுதோ அத மட்டும் எழுதுங்க. நாம நினைக்கறத எழுதக்கூடாது, அந்த வரியில என்ன எழுதியிருக்கோ அதைத்தான் செய்யணும். ரெண்டாவது சுத்துலயே மொத்தம்ங்கற கட்டத்துல 250ஐ அடிச்சுட்டு 0 எழுதற இடத்துல கை நின்னுடும். இப்படி தப்பு தேடறதுக்கு டீபக்கர்னு தனி கருவியே இருக்கு, பின்னாடி பழகிக்கலாம், ஆனா இந்த காகிதத்துல ஒரு பத்து ப்ரோக்ராம் ஓட்டிப் பாத்தவங்களுக்கு மனசுக்குள்ளயே ஓட்டிப் பாக்க வந்துடும்.

ப்ரோக்ராம் சரியா ஓடினதும் நாமளே அத கெடுக்கப் பாக்கணும். செலவுன்னு கேக்கற இடத்துல "நூறு"ன்னு எழுத்துல அடிச்சா? வேல்யூஎரர்னு நின்னுடும், ட்ரை எக்ஸப்ட் (எரர் வந்தாலும் நிக்காம சமாளிக்கற வழி) கத்துக்க அதுதான் நல்ல சந்தர்ப்பம். ஒண்ணுமே அடிக்காம என்டர் தட்டினா? மைனஸ் எண் போட்டா? ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லவா, தமிழ் எண்கள்ல ௨௫௦ன்னு அடிச்சாலும் பைத்தான் அத 250ன்னு சரியா எடுத்துக்கும்.

எரர் வந்தா படிங்க

சிவப்பா நாலு வரி வந்ததும் ஜன்னல மூடிட்டுப் போறவங்க நிறைய. அந்த நாலு வரிதான் சம்பளம் வாங்காம நமக்கு சொல்லித்தர்ற ஆள். கீழேருந்து மேல படிக்கணும். கடைசி வரியில என்ன தப்புன்னு இருக்கும், அதுக்கு மேல எந்த ஃபைல்ல எத்தனாவது வரின்னு இருக்கும். நேம்எரர்னா அப்படி ஒரு பேரே எனக்குத் தெரியாதுங்குது, அனேகமா ஸ்பெல்லிங், இல்ல சின்ன எழுத்து பெரிய எழுத்து குழப்பம். இன்டென்டேஷன்எரர்னா ஸ்பேஸ் ஒழுங்கா இல்ல. இன்டெக்ஸ்எரர்னா லிஸ்ட்ல இல்லாத இடத்த கேக்கறீங்க, எண்ணிக்கை 0ல ஆரம்பிக்குதுங்கறதால அஞ்சு பொருள் இருக்கற லிஸ்ட்ல கடைசி இடம் 4தான். சின்டாக்ஸ்எரர் மட்டும் கொஞ்சம் ஏமாத்தும், சில சமயம் அது காட்டற வரியில தப்பே இருக்காது, மேல் வரியில ஒரு அடைப்புக்குறிய மூடாம விட்டிருப்பீங்க. 2021ல வந்த 3.10 வெர்ஷன்ல இருந்து இத நல்லாவே சொல்லுது, இந்த அடைப்புக்குறிய மூடவே இல்லன்னு எடுத்துக் காட்டும், பேர தப்பா அடிச்சா நீங்க சொல்ல வந்தது இதுவான்னு கேக்கும். புது வெர்ஷன் போடுங்கன்னு சொல்றதுக்கு இதுவே போதுமான காரணம்.

எனக்கு ஒரு சாயங்காலம் முழுசா போன கதை இது. ரேண்டம்னு பைத்தான்ல ஒரு மாட்யூல் (ஏற்கனவே எழுதி வச்ச கோட் ஃபைல்) இருக்கு, குலுக்கல் முறையில ஒரு எண் எடுத்துத்தரும். அத பழகிப் பாக்கறதுக்கு ஒரு ஃபைல் எழுதி, அதுக்கும் ரேண்டம்னே பேர் வச்சு சேவ் பண்ணிட்டேன். ஓட்டினா, ரேண்டம்ல அந்த ஃபங்ஷனே இல்லங்குது. பாடத்துல இருக்கு, என்கிட்ட இல்ல. ரெண்டு தடவை பைத்தான எடுத்துட்டு திரும்ப போட்டேன், எழுத்து எழுத்தா சரிபாத்தேன். கடைசியில பாத்தா, மாட்யூல தேடும்போது பைத்தான் முதல்ல நம்ம ஃபைல் இருக்கற ஃபோல்டர்லதான் தேடுது, அங்கயே அந்தப் பேர்ல ஒண்ணு இருந்ததால என் ஃபைலையே எடுத்துகிட்டு இருந்திருக்கு. எரர் மெசேஜ்ல ஃபைல் இருக்கற இடம் முழுசா எழுதியிருந்துச்சு, நான் அத படிக்கவே இல்ல. உங்க ஃபைலுக்கு எந்த மாட்யூலோட பேரையும் வைக்காதீங்க.

ரெண்டாவது ப்ரோக்ராம்

1ல இருந்து 100க்குள்ள கம்ப்யூட்டர் ஒரு எண் நினைச்சுக்கும், நாம ஊகிக்கணும், பெருசு சின்னதுன்னு மட்டும் சொல்லும். எல்லா பாடத்துலயும் வர்ற பயிற்சிதான், நல்ல பயிற்சியும் கூட. ஆனா அதோட நிறுத்தாம திருப்பிப் போடுங்க, நாம நினைச்சுக்கணும், கம்ப்யூட்டர் ஊகிக்கணும். அது ஒவ்வொரு தடவையும் நடு எண்ண கேட்டா மிச்சம் இருக்கற இடம் பாதி பாதியா குறையும், அதிகபட்சம் 7 ஊகத்துல கண்டுபிடிச்சே தீரும், ஏன்னா ரெண்டை ஏழு தடவை பெருக்கினா 128, அது 100ஐ தாண்டிடுது. இதத்தான் பைனரி சர்ச்னு பெரிய பேர்ல சொல்றாங்க. இத உங்க கையால எழுதி, எட்டாவது ஊகம் போச்சுன்னா ஏதோ ஒரு இடத்துல ஒண்ணு கூடவோ குறைவாவோ வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அந்த ஒண்ண தேடிப் பிடிக்கறதுல கிடைக்கற பயிற்சி பெருசு.

மூணாவதா பழைய செலவு ப்ரோக்ராமுக்கே வாங்க. மூடினா எல்லாம் மறந்துடுது இல்லையா, ஃபைல்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. செலவோட பேரையும் சேருங்க. தமிழ்ல பேர் எழுதினா விண்டோஸ்ல யூனிகோட்னு ஆரம்பிக்கற ஒரு எரர் வரலாம், ஃபைல திறக்கற இடத்துல என்கோடிங் (எழுத்த ஃபைல்ல சேமிக்கற முறை) யூடிஎஃப்-8ன்னு குறிச்சுட்டா போதும், எழுதும்போதும் படிக்கும்போதும் ரெண்டு இடத்துலயும். அப்புறம் வகை வாரியா மொத்தம் காட்டச் சொல்லுங்க, டிக்‌ஷனரி எதுக்குன்னு அப்ப புரியும். ஒரே கோட ரெண்டு இடத்துல ஒட்டியிருக்கீங்கன்னு தோணும்போது அத ஒரு ஃபங்ஷனா எடுத்து வெளிய வைங்க. ஒரே ப்ரோக்ராம இப்படி ஒரு மாசம் வளக்கறது, முப்பது தனித்தனி பயிற்சி பண்றதைவிட நல்லதுன்னு நான் உறுதியா நம்பறேன், ஏன்னா போன வாரம் நாம எழுதினது இந்த வாரம் நமக்கே புரியலங்கறத அப்பதான் அனுபவிப்போம், வேரியபிளுக்கு எக்ஸ் ஒய்ன்னு பேர் வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சுக்குவோம்.

நல்லா ஓடிகிட்டு இருந்தத ஏதோ மாத்தப்போய் கெட்டுப்போச்சு, பழைய மாதிரி கொண்டுவர முடியலன்னு ஒரு நாள் வரும். அன்னிக்கு கிட் கத்துக்கோங்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல எழுதினது, ஒவ்வொரு கட்டத்தையும் சேமிச்சு வச்சு திரும்பப் போக விடும். முதல் நாளே கத்துக்கப்போனா அது எதுக்குன்னே புரியாது.

வீடியோ, ஏஐ, மத்தவங்ககிட்ட கேக்கறது

வீடியோ பாக்கறது தப்பில்ல. பத்து நிமிஷம் பாருங்க, மூடுங்க, பாக்காம அதே ப்ரோக்ராம எழுதுங்க, மாட்டினா மட்டும் திரும்பத் திறங்க. எழுதி முடிச்சதும் அதுல ஒண்ண மாத்துங்க, அவங்க அஞ்சு தடவை சுத்தினா நீங்க தலைகீழா சுத்துங்க. இலவசமாவே நல்ல பாடங்கள் இருக்கு, ஹார்வர்டோட சிஎஸ்50, ஃப்ரீகோட்கேம்ப், பைத்தான் சைட்லயே இருக்கற ட்யூட்டோரியல். ஒண்ண மட்டும் எடுத்து முடிங்க. மூணையும் பாதி பாதி பாத்தா மூணுலயும் வேரியபிள் வரைக்கும்தான் தெரிஞ்சிருக்கும்.

ஏஐகிட்ட கேட்டா முழு ப்ரோக்ராமும் அஞ்சு செகண்ட்ல எழுதித் தந்துடும், அதுதான் கத்துக்கற காலத்துல ஆபத்து. திரும்பவும் படிச்சா புரியுது, எழுத வரலங்கற அதே இடத்துலதான் நிப்பீங்க. அதனால கேக்கற விதத்த மாத்துங்க. இந்த எரர் மெசேஜுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க. என் கோட்ல தப்பு எந்தப் பகுதியில இருக்குன்னு மட்டும் சொல்லு, திருத்தின கோட் தராதன்னு கேளுங்க, கேக்கும். நான் எழுதி முடிச்சுட்டேன், இத வேற எப்படி எழுதலாம்னு கேளுங்க, இதுதான் ரொம்ப நல்ல கேள்வி. அது சொல்றது தப்பாவும் இருக்கும், இல்லாத ஃபங்ஷன இருக்கற மாதிரி தைரியமா சொல்லும், அதனால எதையும் ஓட்டிப் பாத்துட்டு நம்புங்க.

மனுஷங்ககிட்ட கேக்கும்போது என்ன பண்ணப் பாத்தேன், என்ன எதிர்பாத்தேன், என்ன வந்துச்சு, இந்த மூணையும் எழுதுங்க. எரர ஃபோட்டோ எடுத்துப் போடாம எழுத்தாவே ஒட்டுங்க. 300 வரி கோட அப்படியே கொட்டாம, எந்த இடத்துல தப்பு வருதோ அத மட்டும் பத்து வரியா சுருக்கி, அந்த பத்து வரியிலயும் அதே தப்பு வருதான்னு பாத்துட்டு கேளுங்க. சுருக்கும்போதே பாதி நேரம் விடை தெரிஞ்சுடும், அனுப்ப வேண்டிய அவசியமே வராது.

மாட்டி நிக்கும்போது

ஒரு தப்பு அரை மணி நேரத்துக்கு மேல பிடிபடலன்னா எழுந்து போயிடுங்க. போறதுக்கு முன்னாடி ஃபைல்லயே # போட்டு எழுதி வைங்க, இதுவரைக்கும் இத இத பாத்தேன், அடுத்து இத பாக்கணும்னு. மறுநாள் வந்ததும் எங்க விட்டோம்னு தேட வேண்டாம், அந்த வரியில இருந்து கை ஆரம்பிச்சுடும். வாரத்துல ஒரே நாள்ல ஏழு மணி நேரம் உக்காரறதவிட தினம் ஒரு மணி நேரம் உக்காரறது நிக்கும், ஏழு நாள் இடைவெளியில கை மறந்துபோகுது.

மூணு நாலு மாசம் கழிச்சு, அந்த செலவு ப்ரோக்ராமோ வேற எதுவோ ஓரளவு ஒழுங்கா ஓடும்போது, ப்ரோக்ராமிங் தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு பக்கத்துல வாயத் திறக்காம உக்காருங்க. இத எப்படி நிறுத்தறதுன்னு கேப்பாங்க, 0 அடிக்கணும்னு ஸ்க்ரீன்ல எங்கயும் எழுதியிருக்க மாட்டோம். 2500க்குப் பதிலா 2,500ன்னு கமா போட்டு அடிப்பாங்க. தப்பா அடிச்சத திருத்தறதுக்கு வழி தேடுவாங்க, வழியே இருக்காது. குறுக்க பேசாம எல்லாத்தையும் ஒரு காகிதத்துல குறிச்சுக்கோங்க. அவங்க எழுந்து போனதும் ஃபைல திறந்து, கீழ போய், அந்த குறிப்ப ஒவ்வொரு வரியா # போட்டு தமிழ்ல அடிங்க. அடுத்த மாசத்துக்கான வேலை அதுதான்.